முதல் பத்து நிமிடம் இல்லாத படங்கள்

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி ஒரு வீடியோ கடை இருந்தது. ஒரு சுவர் முழுக்கத் தமிழ்ப் படக் கேசட்டுகள். சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் நானும் போய் இரண்டு எடுத்து வருவோம். அப்பாவுக்கு ஒரு பழைய சிவாஜி படம், எங்களுக்கு ஒரு புதுப் படம். கடைக்காரர் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டே, "ரீவைண்ட் பண்ணிக் கொண்டாந்து குடு தம்பி" என்பார். பண்ணாமல் கொடுத்தால் காசு பிடித்துக்கொள்வார்.

அந்தக் கேசட்டுகளுக்கு ஒரு பொது வியாதி இருந்தது. முதல் ஐந்து, பத்து நிமிடத்துக்குப் படம் ஒழுங்காகத் தெரியாது. வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழே ஊர்ந்து போகும், முகங்கள் இழுபடும், வசனம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். ஒவ்வொரு வீட்டு வீடியோ டெக்கும் நாடாவை முதலில் இழுத்துப் பிடிப்பது அந்தத் தலைப்பகுதியைத்தான். ரீவைண்ட் முடிந்து டக்கென்று நிற்பதும் அங்கேதான். அதனால் நூறு வீடு சுற்றிய கேசட்டில் நடுப்பகுதி நன்றாக இருக்கும், தலை மட்டும் நைந்து போயிருக்கும். அக்கா கொஞ்ச நேரம் ட்ராக்கிங் பொத்தானைத் திருகிப் பார்ப்பாள், பிறகு பொறுமை இழந்து படம் தெளிகிற இடம் வரை ஓட்டிவிடுவாள். சின்ன வயதில் நான் பார்த்த தமிழ்ப் படங்களில் பாதிக்கு மேல் தலை இல்லாத படங்கள்.

அப்போது அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஆரம்பத்தில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? எழுத்து ஓடும், சாமி படம் காட்டுவார்கள், யாராவது விளக்கேற்றுவார்கள். கதை எங்கே போய்விடும்?

16 வயதினிலே படத்தை அப்படித்தான் பார்த்தேன். பத்து வயது இருக்கும். எங்கள் கேசட்டில் படம் தெளிந்தபோது மயிலு கிராமத்தில் இருந்தாள். டீச்சராக வேண்டும் என்று கனவு காணும் பெண், அவளையே சுற்றி வரும் சப்பாணி, ஊருக்குப் புதிதாக வந்த மாட்டு டாக்டர். எனக்கு அது ஒரு காதல் கதை. டாக்டர் அவளைக் கட்டிக்கொள்வாரா, மாட்டாரா என்பதுதான் நான் கையில் வைத்திருந்த கேள்வி. அவர் ஏமாற்றியபோது கோபம் வந்தது, ஊர் ரவுடி பரட்டையைச் சப்பாணி கல்லால் அடித்தபோது கை தட்டினேன். கடைசியில் அவள் ரயில்வே ஸ்டேஷனில் சப்பாணிக்காகக் காத்துக்கொண்டிருக்க, படம் முடிந்துவிட்டது. "மிச்சம் இன்னொரு கேசட்ல இருக்கா?" என்று அக்காவிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருந்தபோது, வார இறுதி விடுப்பில் வீட்டுக்கு வந்தவன் அதே படத்தைத் தலையோடு பார்த்தேன். 1977இல் பாரதிராஜா எடுத்த அந்த முதல் படம் கிராமத்தில் ஆரம்பிக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் ஆரம்பிக்கிறது. மயிலு அங்கே ஏற்கெனவே காத்திருக்கிறாள். நாம் பார்க்கப்போகும் கதை மொத்தமும் அவள் நினைத்துப் பார்ப்பதுதான்.

உட்கார்ந்த இடத்தில் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பார்த்தது வேறு படம். கோட்டுப் போட்ட டாக்டர் சிரித்துக்கொண்டே வரும் காட்சியில், பத்து வயதில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. இப்போது அந்த ஆசைக்கு இடமே இல்லை. இவள் கடைசியில் நிற்கப்போவது அந்த பிளாட்பாரத்தில் என்று தெரியும். அவர் எப்படி இவளை அங்கே கொண்டுபோய் விடப்போகிறார் என்பதுதான் கேள்வி. காட்சி அதே காட்சி, ஸ்ரீதேவியின் முகமும் அதே முகம். முன்னால் இரண்டு நிமிடம் ஒட்டிக்கொண்டதில் காதல் கதை துயரக் கதையாகிவிட்டது. கடைசியில் அவள் காத்திருப்பதும் பாதியில் அறுந்த முடிவாகத் தெரியவில்லை. கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

உயர்நிலைப் பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் ஐந்திணை நடத்தும்போது முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவார். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். தேர்வுக்கு மனப்பாடம் செய்தேனே தவிர, நிலத்தையும் பொழுதையும் ஏன் 'முதல்' என்று சொன்னார்கள் என்று யோசித்ததில்லை. இப்போது யோசித்தால் அதுதான் ஓப்பனிங் ஷாட். மலையும் நள்ளிரவும் என்றால் கூடல் பற்றிய பாட்டு. கடற்கரையும் சாயங்காலமும் என்றால் இரங்கல். காடும் மாலையும் கார்காலமும் வந்துவிட்டால் தலைவி வாய் திறப்பதற்கு முன்பே இது காத்திருக்கும் பாட்டு என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். ஜானர், அதாவது படத்தின் வகை, என்று இன்று சொல்கிறோமே, அதை நம் ஆட்கள் இடத்தையும் நேரத்தையும் வைத்தே முடிவு செய்திருக்கிறார்கள். மயிலு நிற்பது முல்லைதான். காட்டுக்குப் பதிலாக பிளாட்பாரம், தேருக்குப் பதிலாக ரயில்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து, குளித்து, பஸ் பிடித்து எங்களைத் தியேட்டருக்குக் கூட்டிப் போவதற்குள் படம் ஓட ஆரம்பித்திருக்கும். இருட்டில் தடவித் தடவிப் போய் உட்காருவோம். உட்கார்ந்ததும் அப்பா பக்கத்து சீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, "என்ன ஆச்சுண்ணே?" என்பார். முன்பின் தெரியாத அந்த மனிதர் கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல் ஒரு வரியில் சொல்வார். "அப்பாவக் கொன்னுட்டாங்க, பையன் ஓடிட்டான்." "ரெண்டு பிள்ளைங்க, திருவிழால பிரிஞ்சிருச்சு." "பணக்கார வீட்டுப் பொண்ணு, திமிரு." அப்பாவுக்கு அது போதும். தலையாட்டிவிட்டுப் படத்துக்குள் போய்விடுவார்.

யோசித்துப் பார்த்தால் அந்த ஒற்றை வரிகள் எல்லாமே அருமையான திரைக்கதைச் சுருக்கங்கள். இருபது நிமிடத்தில் காட்டியதில் எது இல்லாவிட்டால் மிச்சம் புரியாதோ, அதை மட்டும் சொல்வார்கள். என்ன கடன் விழுந்திருக்கிறது, யார் அடைக்க வேண்டும்.

இப்படித் தாமதமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தே தமிழ்ப் படம் எடுத்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நம் படங்களுக்கு இரண்டு ஆரம்பங்கள் இருக்கும். முதல் ஆரம்பம் நேரத்துக்கு வந்தவர்களுக்கு. அதில் குடும்பம் சிதறும், கொலை நடக்கும், சின்னப் பையன் ஓடுவான். ஓடுகிற கால்களை மட்டும் காட்டி, அப்படியே பெரிய கால்களாக மாற்றி, அந்தக் கால்கள் நிற்கும்போது கேமரா மேலே போகும். அங்கே இரண்டாவது ஆரம்பம். நாயகன் வந்துவிட்டார். விசில். பாட்டு. பத்திருபது நிமிடம் தாமதமாக வந்தவருக்கும் அது சரியாகக் கிடைக்கும். 1992இல் அண்ணாமலை படத்திலிருந்து ரஜினிக்கு ஒவ்வொரு எழுத்தாக விழும் 'சூப்பர் ஸ்டார்' டைட்டில் வந்த பிறகு ஒரு மாற்றம் நடந்தது. ரசிகர்கள் அந்த எழுத்து விழுவதைப் பார்ப்பதற்காகவே நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள். எழுத்தே ஒரு காட்சியாகிவிட்டது.

இதெல்லாம் சினிமாக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. தெருக்கூத்தில் முதலில் கட்டியங்காரன் வருவான். இன்றைக்கு என்ன கதை, யார் யார் வருவார்கள் என்று சொல்லுவான், கிண்டலும் அடிப்பான். பிறகு இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்ள, ராஜா வேடக்காரர் அதற்குப் பின்னால் நின்று பாடுவார். கிரீடத்தின் நுனி தெரியும், காலில் சலங்கை தெரியும், முகம் தெரியாது. ஜனம் கத்தக் கத்தத் திரை விலகும். மாஸ் படத்து இன்ட்ரோ காட்சி இதுதானே? கை, கால், கூலிங் கிளாஸ், கடைசியாக முகம்.

அந்த இரண்டாவது ஆரம்பத்தையே பறித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1954இல் வந்த 'அந்த நாள்' படம் இருக்கிறது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஏவி.எம். தயாரித்தது, பாட்டே கிடையாது. கதை நடப்பது 1943இல், ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயம். எடுத்த எடுப்பில் துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் விழுகிறார். செத்துப்போனார். நிதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டு உள்ளே வந்தவருக்கு நாயகனே இல்லை! மிச்சப் படம் முழுவதும் யார் சுட்டது என்ற விசாரணை. ஒவ்வொருவர் சொல்வதிலும் அவர் வேறு வேறு மனிதராக வருகிறார். அப்பாவுக்கு அந்தப் படம் பிடிக்கவே பிடிக்காது. "ஹீரோவ முதல்லயே கொன்னுட்டு என்னத்தக் காட்டுறான்?" என்பார். அவர் குறை சொல்லவில்லை, படத்தைத் துல்லியமாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அந்த முதல் குண்டு 'இது நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் சிவாஜி படம் இல்லை, பாட்டுக்குக் காத்திருக்காதீர்கள்' என்று சொல்லத்தான்.

ஆறு வருடம் கழித்து ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக் சைக்கோ எடுத்தபோது, படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்காரர்களிடம் பிடிவாதமாக நின்றார். அவருடைய படத்திலும் பெரிய நட்சத்திரம் பாதிக்கு முன்பே செத்துவிடுவார். தாமதமாக வருகிறவர் ஜேனட் லீ எப்போது வருவார் என்று கடைசிவரை காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் படத்தின் ஆரம்பத்தில் எனக்குப் பிடித்தது அதன் பொய். ஊர் பெயர், கிழமை, தேதி, மணி எல்லாம் எழுத்தில் போட்டு, பாதி இறக்கிய ஜன்னல் மறைப்புக்குக் கீழே கேமரா நுழைந்து ஒரு ஹோட்டல் அறைக்குள் போகும். கலியாணம் செய்துகொள்ளப் பணமில்லாத இருவர். கொஞ்ச நேரத்தில் அவள், முதலாளி வங்கியில் போடக் கொடுத்த 40,000 டாலரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். திருட்டுப் படம் என்று நம்பி, போலீஸ் பிடிக்குமா என்று கவலைப்பட்டுக்கொண்டே போகிறோம். நாம் தவறான கேள்வியைக் கையில் பிடித்திருக்கிறோம் என்று தெரியும்போது குளியலறைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் 2008. இதை எழுத உட்கார்ந்ததே அந்த ராத்திரிக்காகத்தான்.

சுப்ரமணியபுரம் வந்திருந்தது. பீச் ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டரில் இரவுக் காட்சிக்கு இரண்டு டிக்கெட். மனைவி வேலை முடிந்து நேராக வந்துவிட்டாள். எனக்கு ஆபீசில் இழுத்துவிட்டது. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் மழை கொட்டுகிறது. "நீ உள்ள போ" என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, கூரை இருக்கும் இடமாகப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது படம் ஆரம்பித்துவிட்டது. நான் சீட்டில் உட்காரும்போது திரையில் 1980ஆம் வருட மதுரை. பெல்பாட்டம், பெரிய காலர், தாடி, டீக்கடை. மனைவி பக்கம் சாய்ந்து அப்பா மாதிரியே, "என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல, பாருங்க" என்றாள்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் என் வாழ்க்கையின் மிக இனிமையான படம் ஒன்றைப் பார்த்தேன். வேலைவெட்டி இல்லாத ஐந்து நண்பர்கள். அவர்களில் ஒருத்தனுக்கு ஒரு பெண் மேல் ஆசை. அவள் திரும்பிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். 'கண்கள் இரண்டால்' பாட்டு வரும்போது நான் ஈரச் சட்டையோடு இளித்துக்கொண்டிருந்தேன். கஞ்சா கருப்பு வாயைத் திறந்தால் தியேட்டரே சிரித்தது. பக்கத்தில் திரும்பினேன். மனைவி சிரிக்கவில்லை. சீட்டுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். குளிர்கிறதோ என்று என் பையிலிருந்த ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், போர்த்திக்கொள்ளவில்லை.

இடைவேளைக்குப் பிறகு படம் என்னை அடித்துப் போட்டது. அதிர்ச்சி என்றால் சாதாரண அதிர்ச்சி இல்லை. படத்தின் மேல் கோபமே வந்தது. இவ்வளவு நேரம் சிரிக்கவைத்துவிட்டு இப்படியா செய்வது, ஏமாற்றிவிட்டார்களே என்று.

வெளியே வந்து, மழை விட்டிருந்தது, பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அவள் சொன்னாள். படத்தின் முதல் காட்சியில் ஜெயிலிலிருந்து ஒருத்தன் விடுதலையாகி வெளியே வருகிறான். இருபத்தெட்டு வருடம் உள்ளே இருந்தவன். வெளியில் கால் வைத்ததும் அவனைக் கத்தியால் குத்துகிறார்கள். அவன் யார் என்று சொல்லாமலே படம் 1980க்குப் போய்விடுகிறது.

அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவளுக்கு அந்த ஐந்து பேரும் சிரிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: இதில் அவன் யார்? இருபத்தெட்டு வருடம் உள்ளே போகிற அளவுக்கு என்ன செய்வான்? இத்தனை வருடம் கழித்தும் காத்திருந்து குத்துகிற அளவுக்கு யாருக்கு இவன் மேல் ஆத்திரம்? 'கண்கள் இரண்டால்' பாட்டில் அவன் தலையைக் கோதிக்கொண்டு வெட்கப்படும்போது நான் ஒரு காதலனைப் பார்த்தேன், அவள் ஒரு பிணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வரிசை, அடுத்தடுத்த சீட்டு. எனக்கு அது காதல் நகைச்சுவை, இடைவேளைக்குப் பிறகு வழிதவறிப்போன படம். அவளுக்கு முதலிலிருந்தே திகில் படம், எங்கேயும் வழிதவறாத படம்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? சொன்னா, 'ஒருத்தன் ஜெயில்லேர்ந்து வந்தான், குத்திட்டாங்க'ன்னு சொல்லணும். அதுல என்ன இருக்கு?"

அது எனக்கு ரொம்ப நாள் உறைத்துக்கொண்டே இருந்தது. அப்பா காலத்துப் பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன ஒற்றை வரி வேலை செய்தது, ஏனென்றால் அந்தப் படங்களின் முதல் காட்சியில் இருந்தது தகவல். அப்பாவைக் கொன்றுவிட்டார்கள், பையன் பழிவாங்குவான். சுப்ரமணியபுரத்தின் இயக்குநர் சசிகுமார் முதல் காட்சியில் வைத்திருப்பது தகவல் இல்லை, ஒரு பயம். பயத்தைக் காதில் சொல்லித் தர முடியாது.

ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்ன மேசை வெடிகுண்டு உதாரணத்தைச் சினிமா பேசுகிற எல்லோரும் சொல்வார்கள். இருவர் மேசையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடித்தால் பார்க்கிறவனுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டால் பதினைந்து நிமிடம் பதற்றம். நானும் மனைவியும் அன்றைக்கு அந்த உதாரணத்தின் இரண்டு பாதிகளாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு அதிர்ச்சி, அவளுக்குப் பதற்றம். டிக்கெட் விலை ஒன்றுதான்.

ஜானர் என்று வரும்போது நம் படங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜாஸ் (Jaws) மாதிரி சுறாப் படத்தில் ஆரம்பக் காட்சியின் வேலை எளிது. ராத்திரியில் ஒரு பெண் கடலில் நீந்தப் போகிறாள், கீழிருந்து ஏதோ இழுக்கிறது, சுறாவைக் காட்டவே இல்லை, முடிந்தது. இனி தண்ணீரைக் காட்டினாலே போதும். நம் படத்தில் ஒரே டிக்கெட்டில் காதல், காமெடி, சண்டை, அம்மா பாசம் எல்லாம் வந்தாக வேண்டும். முதல் காட்சி எந்த ஜானரைச் சொல்லும்? அதனால் நம் நல்ல இயக்குநர்கள் ஜானரை விட்டுவிட்டுக் கணக்கைச் சொல்கிறார்கள். எதையெல்லாம் வேண்டுமானாலும் நடுவில் போட்டுக்கொள், கடைசியில் இந்தக் கணக்கு தீர வேண்டும்.

1987இல் வந்த நாயகன் படத்தைக் காட்ஃபாதரோடு ஒப்பிடாதவர்கள் இல்லை. ஒப்பிடுகிறவர்கள் முதல் காட்சியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். காட்ஃபாதர் ஒருவன் இருட்டில் உட்கார்ந்து நியாயம் கேட்பதில் ஆரம்பிக்கிறது. கேமரா மெதுமெதுவாகப் பின்வாங்கினால் எதிரே நாற்காலியில் டான். அவர் ஏற்கெனவே டான். மணிரத்னம் அந்த நாற்காலியை எடுத்துவிட்டார். ஒரு சின்னப் பையன். அவன் அப்பா தொழிற்சங்கத் தலைவர், தலைமறைவு. போலீஸ் பையனைத் தந்திரமாக விட்டுப் பிடித்து, அப்பா இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அவன் கண் முன்னாலேயே சுடுகிறது. தன்னால்தான் அப்பா செத்தார். பையன் அந்த இன்ஸ்பெக்டரைக் கொன்றுவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறுகிறான்.

இதை அப்பாவின் பக்கத்து சீட்டுக்காரர், "அப்பாவக் கொன்னுட்டாங்க, பையன் ஓடிட்டான்" என்றுதான் சொல்லியிருப்பார். பழைய சட்டகம்தான். ஆனால் பழி முதல் காட்சியிலேயே தீர்ந்துவிட்டதே, மிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதற்கு? பதில் கடைசிக் காட்சியில் இருக்கிறது. வேலு நாயக்கரைச் சுடுவது அவர் கொன்ற போலீஸ்காரரின் மகன். அப்பாவுக்காகப் போலீஸைக் கொன்ற மகன், போலீஸ் அப்பாவுக்காகக் கொல்ல வந்த மகன் கையால் சாகிறார். கணக்கு நேர்தான், கொடுத்தவனும் வாங்கினவனும் இடம் மாறியிருக்கிறார்கள். முதல் காட்சியைப் பார்க்காதவருக்கு அந்தக் கடைசித் துப்பாக்கிச் சத்தம் ஒரு கேங்ஸ்டர் படத்தின் வழக்கமான முடிவாகத்தான் கேட்கும்.

எங்கள் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் அத்தை கோபித்துக்கொள்வார். 1964இல் வந்த புதிய பறவை சிங்கப்பூரிலிருந்து இந்தியா போகும் கப்பலில் தொடங்குகிறது. "நம்ம ஊர்லேர்ந்துதான் சிவாஜி கப்பல் ஏறுறாரு" என்று அத்தை ஒவ்வொரு தடவையும் சொல்வார், ஏதோ அவரே கையசைத்து வழியனுப்பியது போல. கப்பலில் பணக்கார இளைஞர் கோபால், அழகான சரோஜாதேவி, இனிமையான பேச்சு. ஆனால் கப்பல் ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போகிறது. இவர் எதையோ பின்னால் விட்டுவிட்டு வருகிறார். கொஞ்ச நேரத்தில், ஓடும் ரயிலைப் பார்த்ததும் அவர் ஆடிப்போகிறார். அவ்வளவு நேரம் பார்த்த காதல் படத்தின் மேல் மெல்லியதாக ஒரு கீறல் விழுகிறது. சிங்கப்பூரில் என்ன நடந்தது, தண்டவாளத்தில் என்ன நடந்தது என்பதெல்லாம் பிற்பாடு. கீறல் மட்டும் சீக்கிரமே விழுந்துவிட வேண்டும். அந்தப் படத்துக்கு அடிப்படை ஓர் ஆங்கிலப் படம்தான், ஆனாலும் சிங்கப்பூர்க் கப்பலை வைத்த கைக்கு ஒரு வணக்கம். அன்றைக்குத் தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு சிங்கப்பூர் என்றால் பணம், கிளப், யாரும் சரிபார்க்க முடியாத கடந்தகாலம். சொந்த ஊராக இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் சிரிப்பாக இருக்கும்.

2016இல் கபாலி வந்தபோது எல்லையைத் தாண்டி மலேசியாவில் நடக்கும் கதை என்பதால் இங்கேயும் ஏக அமளி. ரஜினியின் முதல் காட்சி சிறையில். விடுதலையாகும் நாள், கையில் ஒரு புத்தகம். ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலய்யா', ஒரு தலித் குடும்பத்தின் தலைமுறைக் கதை. விசில் சத்தத்தில் அந்த அட்டையைப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ. பார்த்தவர்களுக்கு பா. ரஞ்சித் என்ன படம் எடுத்திருக்கிறார் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. பார்க்காதவர்கள் பாட்ஷாவை எதிர்பார்த்து உட்கார்ந்து, "பாட்ஷா மாதிரி இல்லையே" என்று புலம்பிக்கொண்டே தேக்கா பக்கம் பரோட்டா சாப்பிடப் போனார்கள்.

போன வருடம் அக்கா மகன் பாலிடெக்னிக் படிப்புக்காக ஒரு குறும்படம் எடுத்தான். தாத்தா இறந்துபோன ஒரு வீட்டைப் பற்றி ஏழு நிமிடம். எழுதிக் கொண்டுவந்து காட்டினான். முதல் காட்சி: மரினா பே பகுதியின் மேல் ட்ரோன். அலாரம் அடிக்கிறது. பையன் எழுந்து பல் துலக்குகிறான். பின்னணியில் ஒரு குரல், "என் பெயர் இது, எனக்கு என் தாத்தாவை மிகவும் பிடிக்கும்."

எனக்கு அலாரம் அடிக்கும் ஆரம்பம் மேல் தனிப்பட்ட பகை உண்டு. ட்ரோன் மேல் அதைவிட. "நீங்க இருக்கிறது ஈசூன்ல. மரினா பே எதுக்குடா?"

"சிங்கப்பூர்னு தெரியணும்ல மாமா."

இரண்டு பேரும் கீழே இறங்கி, புளோக்கின் கீழ்த்தளத் திறந்த கூடமான வாய்ட் டெக்கில் உட்கார்ந்தோம். அன்றைக்கு அங்கே ஏதோ ஒரு விசேஷத்துக்காக வட்ட மேசைகளை உருட்டிக்கொண்டு வந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் தூணோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கல்யாணமா, சாவா என்று தெரியவில்லை. இந்த ஊரில் இரண்டுக்கும் அதே தளம், அதே மேசை, அதே நாற்காலி. மினுமினுக்கும் காகிதப் பூக்கம்பு தெரிந்தால் மலாய்க் கல்யாணம் என்போம், வெள்ளை விளக்குக் கூண்டு தொங்கினால் சீனர் வீட்டுச் சாவு என்போம். அது வரும்வரை நாற்காலிக்கு மதமும் இல்லை, ஜானரும் இல்லை.

"இதை எடு" என்றேன். "முகம் வேண்டாம். நாற்காலி மட்டும். மேலே மலாய்க் கல்யாணத்துக் கொம்பாங் மேளச் சத்தம் போட்டுப் பாரு, அப்புறம் சங்கு போட்டுப் பாரு."

அவன் போனை எடுத்துத் தூணில் சாய்த்து ஒரு நிமிடம் பதிவு செய்தான். மேலே வீட்டுக்குப் போய்க் கணினியில் போட்டுப் பார்த்தோம். கொம்பாங் அடித்தால் நாற்காலிகள் குதூகலமாக இருந்தன, நிஜமாகவே. சங்கு ஊதினால் அதே நாற்காலிகள் தலை குனிந்தன. இரண்டையும் நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, அவன் இரண்டையும் எடுத்துவிட்டான். எந்தச் சத்தமும் வேண்டாம், நாற்காலி மேல் நாற்காலி விழும் சத்தம் மட்டும் போதும் என்றான். நாற்காலிகளைப் போடுகிற காட்சியும் வேண்டாம், எல்லாம் முடிந்து திரும்ப அடுக்குகிற காட்சி வேண்டும், அதிலும் அடுக்குகிறவர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசக் கூடாது என்றான். அது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் ராத்திரி அந்த விசேஷம் முடியும்வரை காத்திருந்து எடுத்து வந்தான்.

படம் முடிந்ததும் அக்கா வீட்டு டிவியில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. கூப்பிட்டபோது வரவில்லை. படம் ஆரம்பித்து, எழுத்து வந்து போன பிறகுதான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். பேரன் பக்கம் சாய்ந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல தாத்தா. நாற்காலி அடுக்குனாங்க."

"பேசாமயா?"

"ஆமா."

அப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"யாரு செத்தது?" என்றார்.